குண்டு வந்த திசையைத் தேடி: இந்தியப் போர்களில் எதிர்-பீரங்கித் தாக்குதல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏலஹங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கும்போதெல்லாம், எட்டுச் சக்கர லாரியின் முதுகில் பெரிய பலகையைத் தூக்கி நிறுத்திய ஒரு வண்டியைச் சுற்றித் தமிழ்க் குரல்கள் கேட்கும். "இது பிளேனைப் பிடிக்கிற ரேடாரா சார்?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை. அது பிடிப்பது பறந்துவரும் பீரங்கிக் குண்டை. பிடித்து, அந்தக் குண்டு எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லும். சி.வி.ராமன் நகரிலும் ஜாலஹள்ளியிலும் உருவான 'ஸ்வாதி' அது. அதை ஒட்டிப் பெங்களூருத் தமிழர்கள் கேட்கும் கேள்விகளும், அதற்குப் பின்னால் இருக்கும் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட கதையும் இந்தப் பக்கத்தில்.

எதிர்-பீரங்கித் தாக்குதல் என்றால் சரியாக என்ன? அவன் சுட்டால் நாம் திருப்பிச் சுடுவதுதானே?

இல்லை. அவன் நம் ஊரைச் சுட்டால் நாம் அவன் ஊரைச் சுடுவது பழிவாங்கல். எந்தப் பீரங்கி சுட்டதோ அந்தப் பீரங்கியையே கண்டுபிடித்து அடிப்பதுதான் எதிர்-பீரங்கித் தாக்குதல். நம் ராணுவத்தில் 'கவுன்டர் பம்பார்ட்மென்ட்' என்பார்கள், பேச்சு வழக்கில் 'சிபி'.

இதில் இரண்டு தரம் உண்டு. ஒன்று வாயடைப்பது: எதிரிப் பீரங்கியாளர்கள் பதுங்குகுழிக்குள் போய்விட்டால் போதும், நம் காலாட்படை அந்த இருபது நிமிடத்தில் மலையேறிவிடும். மற்றது அழிப்பது: பீரங்கியே உடைய வேண்டும். இரண்டாவதற்கு ஆகும் குண்டு முதலாவதைப்போலப் பல மடங்கு. 18 பீரங்கிகள் கொண்ட ஒரு ரெஜிமென்ட், பீரங்கிக்கு மூன்று குண்டு வீதம் சுட்டால் 54. 155 மி.மீ. குண்டு ஒன்று சுமார் 43 கிலோ. ஆக ஒரே ஒரு மூச்சுக்கு 2.3 டன் இரும்பும் வெடிமருந்தும் போகிறது. இடம் 200 மீட்டர் தவறாகத் தெரிந்தால் அத்தனையும் வெறும் மண்ணைக் கிளறும். அதனால்தான் இந்தத் துறையில் பீரங்கியைவிட, பீரங்கி எங்கே என்று சொல்பவனுக்கு மதிப்பு அதிகம்.

குண்டு, ஷெல், எறிகணை: எது சரி?

மூன்றும் சரி. ஈழத்துத் தமிழில் 'எறிகணை', 'ஷெல்லடி' என்பவை அன்றாடச் சொற்கள். அந்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது, சொல்லும் வந்தது. தமிழ்நாட்டில் 'குண்டு' என்றால் துப்பாக்கித் தோட்டாவும் குண்டுதான், விமானம் போடுவதும் குண்டுதான். இங்கே பீரங்கி சுடுவதை மட்டும் குண்டு என்கிறோம்.

திப்புவின் ராக்கெட் இந்தக் கதையில் வருமா?

வரும், ஒரு ஓரத்தில். பெங்களூரு பேட்டைப் பகுதியில் ராக்கெட் செய்த இடத்தின் பெயர்தான் தாரமண்டலப்பேட்டை. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்தார்கள். நடுச்சண்டையில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அதோடு அவர்களின் பீரங்கிகளுக்கு வேலையில்லாமல் போனது. வெடிக்க வைத்தது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எதுவானாலும் பாடம் ஒன்றே: பீரங்கியை நேராக உடைப்பதைவிட அதன் மருந்தை எரிப்பது சுலபம். இன்றைய எதிர்-பீரங்கிக் குழுக்களும் பீரங்கி நிற்கும் குழியோடு நிறுத்துவதில்லை. குண்டு ஏற்றிய லாரிகள் நிற்கும் இடத்தையும் தேடுகின்றன.

ஆனால் அந்தக் காலத்தில் எதிரிப் பீரங்கி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றது. தேட வேண்டிய அவசியமே இல்லை. பீரங்கி மலைக்குப் பின்னால் ஒளியத் தொடங்கிய பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது.

எம்டன் சென்னையைச் சுட்டபோது யாரும் திருப்பிச் சுடவில்லையா?

சுட்டார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் விளக்கணைத்து வந்து, தேடுவிளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, அரை மணி நேரத்துக்குள் விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டது. கரையிலிருந்த பீரங்கிகள் பதில் சொன்னன. கப்பல் மேல் ஒன்றும் விழவில்லை. இருட்டில் தூரம் தெரியவில்லை, குறி திருத்த நேரமும் இல்லை. அடித்துவிட்டு இடம் மாறிவிடும் உத்திக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. சாமர்த்தியக்காரனை 'அவன் எம்டன்டா' என்று சொல்லும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

ரேடார் இல்லாத காலத்தில் ஒளிந்திருக்கும் பீரங்கியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

காதால், கண்ணால், குழியால். முதல் உலகப்போரில்தான் இது ஒழுங்கான கணக்காக மாறியது.

காதால்: பீரங்கி சுடும் ஓசை வெவ்வேறு இடங்களில் வைத்த ஒலிவாங்கிகளுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். முதல் ஒலிவாங்கிக்கும் இரண்டாவதற்கும் ஒரு வினாடி வித்தியாசம் என்றால், பீரங்கி இரண்டாவதைவிட முதலாவதற்கு 340 மீட்டர் பக்கம். இப்படிப்பட்ட எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தால் வரைபடத்தில் ஒரு வளைகோடு கிடைக்கும். இன்னொரு ஜோடி இன்னொரு வளைகோடு தரும். இரண்டும் வெட்டும் இடம் பீரங்கி. பிரிட்டிஷ்காரர்கள் ஆறு ஒலிவாங்கிகளைச் சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரப்பி வைத்தார்கள். இந்த வேலையை 1915-ல் தொடங்கியவர் லாரன்ஸ் பிராக். அதே ஆண்டு 25 வயதில் நோபல் பரிசு வாங்கிய அதே பிராக்.

முதலில் இது சரிவரவில்லை. காரணம் சுவாரசியமானது. பீரங்கிக் குண்டு ஒலியைவிட வேகமாக வருவதால் அது தனியாக ஒரு சுரீர் வெடிப்போசை எழுப்பும். சாதாரண ஒலிவாங்கி அதைத்தான் பதிவு செய்தது. பீரங்கியின் சொந்த ஓசையோ மிகத் தாழ்ந்த அதிர்வு. காதில் அவ்வளவாக விழாது, ஆனால் காற்றை அசைக்கும். டக்கர் என்ற உதவியாளர், தான் தங்கிய கொட்டகைச் சுவரின் ஓட்டை வழியாகப் பீரங்கி சுடும்போதெல்லாம் குளிர்காற்று உள்ளே வருவதைக் கவனித்தார். ஒரு வெடிமருந்துப் பெட்டியில் துளை போட்டு, அதன் குறுக்கே சூடேற்றிய மெல்லிய பிளாட்டினக் கம்பியை வைத்தார்கள். காற்று தள்ளும்போது கம்பி குளிரும், மின்தடை குறையும், பதிவு விழும். சுரீர் ஓசைக்கு அது அசையவே இல்லை. 1916-ல் வந்த இந்தப் பெட்டிதான் ஒலிக்கணிப்பை வேலை செய்ய வைத்தது.

இதன் பகை, வானிலை. ஒலியின் வேகம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் மாறும். வெப்பநிலையைப் பத்து டிகிரி தவறாக எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 2 சதவீதப் பிழை. எதிர்க்காற்று அடித்தால் ஓசை மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். ஒரே நேரத்தில் நூறு பீரங்கிகள் சுட்டால் எந்தக் கோடு யாருடையது என்று பிரிக்க முடியாது.

கண்ணால்: இரவில் குழல்வாயில் தெரியும் தீப்பொறியை மூன்று நான்கு காவல் நிலைகள் ஒரே நேரத்தில் திசைக்கோணம் எடுப்பார்கள். எல்லோரும் பார்த்தது ஒரே பொறியைத்தானா என்பதுதான் தலைவலி. பொறி தெரிந்த கணத்தில் அமுக்கும் பொத்தானைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து அதைத் தீர்த்தார்கள்.

1917 ஏப்ரலில் பிரான்சின் விமி மேட்டில் கனடாப் படை ஜெர்மன் பீரங்கிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் இடத்தை முன்கூட்டியே குறித்து வைத்திருந்தது. அந்த நவம்பரில் காம்ப்ரேயில் இன்னும் ஒரு படி: குறிபார்க்கும் ஒத்திகைச் சூடே இல்லாமல், நில அளவையையும் வானிலைக் கணக்கையும் மட்டும் நம்பி முதல் குண்டிலேயே சரியாக அடித்தார்கள்.

குண்டு விழுந்த குழியைப் பார்த்து எப்படி இடம் சொல்ல முடியும்?

முடியும். இன்றும் எல்லை ஊர்களில் பயன்படும் பழைய வித்தை. சாமான்கள்: திசைகாட்டி, நான்கைந்து முளைக்குச்சி, நூல், அளவுநாடா.

சாய்வாக வந்து விழுந்தவுடன் வெடிக்கும் குண்டு, குழியின் இரு பக்கமும் சிறகு விரித்தாற்போல மண்ணை வாரி இறைக்கும். அந்தச் சிறகுகளின் நடுக்கோடுதான் குண்டு வந்த திசை. முறை இது. முதலில் வெடிக்காத குண்டு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைத் தவிர்த்து மற்றதைச் செய்யக் கூடாது. பிறகு குழியின் நடுவில் ஒரு குச்சி. இரண்டு சிறகின் நுனியிலும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் ஒவ்வொரு குச்சி. அந்த இரு குச்சியிலிருந்தும் சம நீள நூலை இழுத்து, நூல்கள் சந்திக்கும் இடத்தில் நான்காவது குச்சி. அதையும் நடுக்குச்சியையும் இணைத்தால் கோடு. அந்தக் கோட்டில் திசைகாட்டி வைத்துப் படிக்க வேண்டியது. தோளில் துப்பாக்கியும் பக்கத்தில் ஜீப்பும் இருந்தால் முள் பொய் சொல்லும்.

ஒரு குழி ஒரு கோடுதான் தரும். தள்ளித்தள்ளி உள்ள இடங்களில் இரண்டு மூன்று குழி அளந்தால் கோடுகள் வரைபடத்தில் வெட்டிக்கொள்ளும். கூடவே சில்லுகளைப் பொறுக்க வேண்டும்: குண்டின் அடியில் இருக்கும் செம்பு வளையத்தின் அகலமும் சில்லின் வளைவும் எத்தனை மி.மீ. என்று சொல்லிவிடும். வால் இறகு கிடைத்தால் அது மோர்ட்டார், அதாவது குண்டைச் செங்குத்தாக உயர எறியும் குட்டைக் குழல்.

கெட்டுப்போவது எங்கே? மழையில், பனியில், பாறையில். வேடிக்கை பார்க்க வந்த ஊர்க் கூட்டம் மிதித்துவிட்ட குழியில். சரிவில் விழுந்த குண்டின் சிறகு ஒரு பக்கமாகச் சாயும். அதைத் திருத்தாமல் வரைந்தால் கோடு எங்கோ போகும். குழியை எவ்வளவு சீக்கிரம் அளக்கிறோமோ அவ்வளவு நல்லது.

சுதந்திரத்துக்குப் பிறகு முதல் போர்களில் இது எப்படி இருந்தது?

1947-48 காஷ்மீரில் எதிரியிடம் பெரிய பீரங்கிப் பலம் இல்லை. 1962-ல் நம்மிடமே அந்த உயரங்களுக்கு ஏற்றிச் செல்ல வழியும் பீரங்கியும் போதவில்லை. உண்மையான பீரங்கிச் சண்டை 1965-ல்தான்.

1965-ல் என்ன நடந்தது?

செப்டம்பர் 1 அதிகாலை சம்ப் பகுதியில் பாகிஸ்தான் 'கிராண்ட் ஸ்லாம்' நடவடிக்கையைத் தொடங்கியது. அமெரிக்க உதவியில் வந்த 155 மி.மீ., 8 அங்குலப் பீரங்கிகளை ஒரே இடத்தில் குவித்திருந்தார்கள். நம் பக்கம் பெரும்பாலும் '25 பவுண்டர்' என்ற பிரிட்டிஷ் பீரங்கி. அதன் குண்டு எட்டும் தூரம் 12.2 கி.மீ. அமெரிக்க 155 சுமார் 14.6 கி.மீ., 8 அங்குலம் சுமார் 16.8 கி.மீ.

இந்த மூன்று எண்ணை வைத்துப் பாருங்கள். எதிர்-பீரங்கி அடிக்க நம் பீரங்கி முன்னணிக்கு 3, 4 கிலோமீட்டர் பின்னால் நின்றாக வேண்டும். அப்படியானால் 25 பவுண்டர் எதிரியின் பக்கம் 8, 9 கி.மீ. வரைதான் தொடும். அவன் பீரங்கி பத்து கிலோமீட்டர் உள்ளே நின்றால் அவன் நம்மை அடிப்பான், நாம் அவனைத் தொட முடியாது. 5.5 அங்குலப் பீரங்கிக்குக் குண்டைப் பொறுத்து 15 முதல் 16.5 கி.மீ. எட்டும், அது எல்லா இடத்திலும் இல்லை.

இடம் கண்டுபிடிக்கும் கண்ணாக இருந்தது ஏர் ஓபி. பீரங்கிப்படை அதிகாரியே சின்ன விமானத்தை ஓட்டி, மேலே இருந்து எதிரிப் பீரங்கிப் புகையைப் பார்த்து வானொலியில் குறி திருத்துவார். அதுவரை ஓட்டியது பிரிட்டிஷ் ஆஸ்டர். பிறகு வந்தது பெங்களூரு எச்.ஏ.எல். செய்த கிரிஷக். நம் ஊர் இந்தக் கதைக்குள் வருவது ஸ்வாதியோடு அல்ல, அந்தச் சின்ன விமானத்தோடு. ஏர் ஓபி பிரிவுகள்தான் 1986 நவம்பர் 1-ல் ராணுவ விமானப் படைப்பிரிவாக ஆயின.

1971-க்குள் நிலைமை மாறியதா?

குண்டு எட்டும் தூரத்தில் மாறியது. சோவியத் 130 மி.மீ. பீரங்கி வந்தது, 27 கி.மீ. தாண்டி அடிக்கும். 1965-ல் தொட முடியாத ஆழம் இப்போது கைக்கெட்டியது. பாகிஸ்தானும் அதன் சீனப் பிரதியை வாங்கிக்கொண்டது. அந்த 130 எவ்வளவு நல்ல சரக்கு என்றால், ஐம்பது ஆண்டு கழித்து அதே பீரங்கிகளுக்கு 155 மி.மீ. குழல் மாட்டி 'ஷரங்' என்று பெயரிட்டு மீண்டும் படையில் சேர்த்தார்கள். ஆனால் இடம் கண்டுபிடிக்கும் வித்தை அதே அளவில் வளரவில்லை. கை நீண்டது, கண் நீளவில்லை. அந்தக் கடன் 1999 கார்கில் போரில் வசூலானது.

கார்கிலில் பாகிஸ்தானிடம் ரேடார் இருந்தது, நம்மிடம் இல்லை என்பது உண்மையா?

பீரங்கிக் குண்டைப் பிடிக்கும் ரேடாரைப் பொறுத்தவரை ஆம். பாகிஸ்தான் 1980களிலேயே அமெரிக்காவின் ஏஎன்/டிபிகியூ-36 ரேடாரை வாங்கியிருந்தது. நம்மிடம் இருந்தவை பிரிட்டிஷ் சிம்பலைன். அது மோர்ட்டாருக்காகச் செய்த ரேடார். உயர எழும்பி மெதுவாக வரும் மோர்ட்டார் குண்டைப் பிடிக்கும், தாழ்வாக வேகமாக வரும் பீரங்கிக் குண்டுக்கு ஏற்றதல்ல.

விளைவை யோசித்துப் பாருங்கள். திராஸில் தேசிய நெடுஞ்சாலை எதிரியின் கண்காணிப்பில் இருந்தது. மலை முகட்டில் உட்கார்ந்தவன் நம் பீரங்கி சுடும் பொறியைக் கண்ணாலேயே பார்த்தான். அதற்கு மேல் ரேடாரும். நாமோ ஹெலிகாப்டரில் பறந்த பீரங்கி அதிகாரிகள், முன்னணிக் காவல் நிலைகள், குழி அளவை, ஒட்டுக்கேட்ட வானொலி இவற்றை வைத்து ஒட்டுப்போட்டோம்.

இருந்தும் பீரங்கிப்படைதான் அந்தப் போரைத் திருப்பியது. சுமார் 300 பீரங்கி, மோர்ட்டார், ராக்கெட் ஏவிகள். மொத்தம் சுமார் 2.5 லட்சம் குண்டுகள். ஜூன் 13-ல் தோலோலிங் மலை, ஜூலை 4-ல் டைகர் ஹில் நம் கைக்குத் திரும்பின. போஃபர்ஸ் பீரங்கிகளைச் சாலையோரத்தில் நிறுத்தி, கண்ணுக்கு நேரே தெரிந்த பதுங்குகுழியைத் துப்பாக்கிபோலக் குறிவைத்துச் சுட்டார்கள். அப்படி நின்றால் எதிரிப் பீரங்கிக்கு நாமும் நேர் இலக்கு. தெரிந்தே நின்றார்கள். அங்குள்ள பாயின்ட் 5140 சிகரத்துக்கு 2022-ல் 'கன் ஹில்' என்று பெயர் வைத்தது அந்தப் பீரங்கியாளர்கள் நினைவாகத்தான்.

மலையில் கணக்கு ஏன் அவ்வளவு மாறுகிறது?

5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். இழுவை குறையும், குண்டு அதிக தூரம் போகும். சமவெளிக்காகப் போட்ட அட்டவணையை அப்படியே வைத்துச் சுட்டால் இலக்கைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் விழும். மலையில் 'கொஞ்சம் தாண்டி' என்பதே கிடையாது. முகட்டைத் தாண்டினால் மறுபக்கம் ஆயிரம் மீட்டர் கீழே.

மருந்தின் வெப்பமும் ஒரு வில்லன். இரவெல்லாம் உறைபனியில் கிடந்த மருந்து மெதுவாக எரியும், குண்டின் வேகம் குறையும். வெயிலில் வைத்த பெட்டியும் நிழலில் வைத்த பெட்டியும் கலந்தால் ஒரே பீரங்கியின் இரண்டு குண்டு இரண்டு இடத்தில் விழும்.

குண்டைப் பிடிக்கும் ரேடார் எப்படி வேலை செய்கிறது?

அடிவானத்துக்குச் சற்று மேலே ரேடார் ஒரு கண்ணுக்குத் தெரியாத வேலி போடுகிறது. அந்த வேலியை ஏதாவது கடந்தால் உடனே அந்த இடத்தை இரண்டாவது முறை தொட்டுப் பார்க்கிறது. பறவையா, விமானமா, குண்டா? குண்டுதான் என்றால் சில வினாடிகள் தொடர்ந்து அதன் இடத்தைக் குறிக்கிறது. அந்தச் சிறு துண்டுப் பாதையை வைத்து, காற்றின் இழுவையையும் புவியீர்ப்பையும் சேர்த்து, பின்னோக்கி நீட்டினால் கிளம்பிய இடம். முன்னோக்கி நீட்டினால் விழப்போகும் இடம்.

சொல்லும்போது எளிது. எங்கே தவறும் என்று பார்ப்போம்.

முதலாவது, உயரம். பின்னோக்கி நீட்டிய கோடு எந்த உயரத்தில் தரையைத் தொடுகிறது என்பதை வரைபடம்தான் சொல்ல வேண்டும். வரைபட உயரம் 200 மீட்டர் தவறு என்றால், 20 டிகிரியில் கிளம்பிய பீரங்கிக் குண்டுக்கு இடப்பிழை சுமார் 550 மீட்டர். 60 டிகிரியில் கிளம்பிய மோர்ட்டாருக்கு அதே தவறு 115 மீட்டர்தான். மோர்ட்டார் ரேடாருக்குச் சுலபம் என்பதன் ஒரு காரணம் இது.

இரண்டாவது, மறைப்பு. ரேடார் 3,300 மீட்டரில் நிற்கிறது, ஐந்து கிலோமீட்டர் தள்ளி 5,000 மீட்டர் முகடு. அந்த முகட்டுக்கு மேலே பார்க்க ரேடார் கிட்டத்தட்ட 19 டிகிரி நிமிர வேண்டும். அதே கோட்டில் 15 கிலோமீட்டர் தள்ளிப் போனால், ரேடார் மட்டத்துக்கு மேல் 5 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள எதுவும் தெரியாது. 40 வினாடி பறக்கும் குண்டு ஏறும் உச்சம் சுமார் 2 கிலோமீட்டர்தான். பறக்கும் நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, 1.23-ஆல் பெருக்கினால் உச்சம் மீட்டரில் வந்துவிடும். கையோடு வைத்துக்கொள்ள நல்ல கணக்கு. ஆக அந்தக் குண்டு ரேடாருக்குத் தெரியாமலே விழும். இதனால்தான் மலையில் ரேடாரை எங்கே நிறுத்துவது என்பதற்கே பாதி நாள் செலவாகும்.

மூன்றாவது, ராக்கெட். மோட்டார் எரியும்வரை அது குண்டுபோலப் பறக்காது, வேகம் கூடிக்கொண்டே போகும். எரிந்து முடிந்த பிறகு எடுத்த பாதையைப் பின்னோக்கி நீட்டும்போது அந்த எரியும் நேரத்தைத் தனியாகக் கணக்கில் சேர்க்காவிட்டால் இடம் தவறும்.

நான்காவது, யாரும் பேசாத நில அளவை. ரேடாரும் பீரங்கியும் ஒரே வரைபடக் கட்டத்தையும் ஒரே வடக்குத் திசையையும் வைத்துக் கணக்கிட வேண்டும். பீரங்கிப்படையில் வட்டத்தை 6,400 மில்லாகப் பிரிப்பார்கள். ஒரு மில் என்பது ஒரு கிலோமீட்டரில் ஒரு மீட்டர். வடக்கில் 5 மில் பிழை, 20 கிலோமீட்டரில் 100 மீட்டர் விலகல். கோடிக்கணக்கான ரூபாய் ரேடாரைத் தோற்கடிக்க இந்த ஐந்து மில் போதும்.

ஸ்வாதி எப்போது வந்தது? என்ன செய்யும்?

கார்கிலுக்குப் பிறகு 2002 ஒப்பந்தத்தில் தொடங்கி அமெரிக்காவின் டிபிகியூ-37 ரேடார்கள் 12 வாங்கினோம். அதே நேரம் சி.வி.ராமன் நகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் எல்.ஆர்.டி.இ. ஆய்வகம், ஆகாஷ் ஏவுகணைக்காகத் தான் செய்த ராஜேந்திரா ரேடாரை அடிப்படையாக வைத்து ஸ்வாதியை உருவாக்கியது. உற்பத்தி ஜாலஹள்ளி பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) நிறுவனம். 2017 குடியரசு தின அணிவகுப்பில் எல்லோரும் பார்த்தார்கள்.

81 மி.மீ. மோர்ட்டாரை 20 கி.மீ. வரை, 105 மி.மீ. முதல் பெரிய பீரங்கிக் குண்டுகளை 30 கி.மீ. வரை, ராக்கெட்டை 40 கி.மீ. வரை பிடிக்கும். ஒரே நேரத்தில் ஏழு குண்டுகளைத் தொடரும். பலகை அசையாமலே 90 டிகிரி அகலத்தைக் கற்றையால் துழாவும்; வேறு பக்கம் பார்க்க வேண்டுமென்றால் பலகையையே திருப்பலாம். 2020-ல் ஆர்மீனியா நான்கை வாங்கியது. லாரி போகாத மலைச்சாலைக்காக எடை குறைந்த வடிவமும் செய்திருக்கிறார்கள்.

இவற்றை இயக்குவது 'சாட்டா' ரெஜிமென்ட்கள். கண்காணிப்பும் இலக்குத் தேடலும் மட்டுமே அவர்கள் வேலை. பயிற்சி நாசிக் பக்கத்தில் தேவ்லாலி பீரங்கிப் பள்ளியில்.

எதிரி சுட்டு எத்தனை நேரத்தில் பதிலடி விழும்?

நன்றாகப் பழகிய அணி என்று வைத்துக்கொண்டு தோராயமாக: குண்டு கிளம்பிப் பத்து வினாடிக்குள் ரேடார் பிடிக்கும், அடுத்த பத்தில் இடம் கிடைக்கும். அங்கே நம் ஆள் யாரும் இல்லையா, முதலில் எதை அடிப்பது என்று முடிவெடுக்க அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். பீரங்கியைத் திருப்பி ஏற்ற இன்னொரு அரை நிமிடம். பிறகு 15 கி.மீ. பறக்க முக்கால் நிமிடம். மொத்தம் இரண்டு, இரண்டரை நிமிடம்.

இதில் அதிகம் வீணாவது நடுவில் இருக்கும் மனித முடிவுதான். ரேடார் இருந்தும் தகவல் மூன்று கை மாறி, ஒவ்வொருவரும் எண்ணைத் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் ஓடிவிடும். எதிரி டீ குடிக்கப் போயிருப்பான்.

அந்த இரண்டரை நிமிடத்துக்குள் இடம் மாறுவதே சுட்டவனின் பிழைப்பு. லாரி இழுக்கும் பீரங்கிக்கு அது கடினம். போஃபர்ஸில் சிறு எஞ்சின் இருப்பதால் குறுகிய தூரம் தானே நகரும். 2017-ல் ஒப்பந்தமாகி எல் அண்ட் டி ஹசீராவில் செய்துகொடுத்த, தானே ஓடும் 100 கே-9 வஜ்ரா பீரங்கிகள் 15 வினாடியில் மூன்று குண்டு அடித்துவிட்டுத் தடப்பட்டையில் ஓடிவிடும். பினாகா ராக்கெட் ஏவி 44 வினாடியில் 12 ராக்கெட் அனுப்பிவிட்டுக் கிளம்பும்.

ரேடாரை ஏமாற்ற முடியாதா?

முடியும். ரேடார் ஒலிபரப்பிக்கொண்டே இருந்தால் எதிரி அதன் இடத்தைப் பிடித்து அதையே அடிப்பான். அதனால் சுடப்போகிறார்கள் என்று தெரியும் நேரத்தில் மட்டும், துண்டு துண்டாகத்தான் இயக்குவார்கள். ஒற்றைப் பீரங்கியைத் தனியே கொண்டுபோய் நாலு குண்டு சுட்டுவிட்டு விலகுவது பழைய தந்திரம். பதிலடி முழுக்க வெற்று வயலில் விழும். பல பீரங்கிகள் ஒரே விநாடியில் சுட்டால் ஏழு பாதைக்கு மேல் தொடர முடியாது. அதோடு ரேடார் சொல்வது பீரங்கி சுட்ட இடத்தை. அது இன்னும் அங்கே நிற்கிறதா என்று ரேடாருக்குத் தெரியாது.

டிரோன் வந்த பிறகு ரேடாருக்கு வேலை உண்டா?

மேலே சொன்ன கடைசி ஓட்டையை அடைப்பதே டிரோன்தான். ரேடார் இடம் சொன்னதும் டிரோன் போய்ப் பார்த்து, பீரங்கி நகர்ந்தால் பின்தொடரும். ஆனால் எங்கே பார்ப்பது என்று டிரோனுக்குச் சொல்ல யாராவது வேண்டும்; மேகமும் மலைக்காற்றும் அதை முடக்கும். ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டல்ல.

பெங்களூருவில் எங்கே பார்க்கலாம்?

ஆய்வகத்துக்குள்ளோ தொழிற்சாலைக்குள்ளோ பொதுமக்களை விடமாட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஏரோ இந்தியாவில் டி.ஆர்.டி.ஓ., பெல் அரங்குகளைப் பாருங்கள். ஸ்வாதி நின்றால் முன்பக்கப் பலகையோடு திரும்பிவிடாமல் வண்டியின் பக்கவாட்டுக்கும் போங்கள். நான்கு மூலையிலும் லாரியைத் தரையில் ஊன்றி மட்டம்பிடிக்கும் தாங்குகால்கள் தெரியும். வண்டி அரை டிகிரி சாய்ந்து நின்றாலே 20 கிலோமீட்டரில் 170 மீட்டருக்கு மேல் பிழை. சாய்வை அளந்து கழிக்கும் கருவி உள்ளே இருக்கிறது. அரங்கில் நிற்பவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.